நாலாவது துண்டு

ரஷ்த்
மெஹர் மாதம் 28

மதிப்புக்குரிய மனீஜெ கானும் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் கையெழுத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பெயரைக் கேட்டிருப்பீர்கள். நான் ஃபரானக், கெலாரெயின் அம்மா. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். ஆரம்பம் சரியில்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஈரஜ் போனில் பேசினார். "உன் பொண்ணு ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறா. என்னத்தக் குடுத்து வளத்த?" என்றார். "அவகிட்டக் குடுங்க, நான் சொல்றேன்" என்றேன். "உன் குரலக் கேட்டாலே அன்னிக்குப் பூரா அழுகை. இனிமே போன் வேண்டாம். நீயும் இங்க வந்து நிக்காத. கூப்பிடாம வந்தா கதவத் தொறக்க மாட்டேன். பிள்ளை பழகட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நானும் ஈரஜும் பிரிந்தாயிற்று, பெண் குழந்தைக்கு ஏழு வயது முடிந்தால் அப்பாவிடம் போக வேண்டும் என்பது சட்டம். அதைப் பற்றி உங்களிடம் வழக்குப் பேச வரவில்லை. நீங்கள் அந்த வீட்டுக்கு வாழ வந்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் என் குழந்தை உங்கள் தலையில். எனக்கு உங்கள்மேல் கோபமில்லை. இருந்தால்கூட அவள் சாப்பிட்டாள் என்று தெரிந்தால் போய்விடும்.

கீரைக் குக்கு செய்து கொடுங்கள், முட்டை அடை மாதிரித் தடிமனாக. அதை அவள் மறுத்து நான் பார்த்ததில்லை. எல்லா வீட்டிலும் செய்வதுதான், உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் என் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கொத்தமல்லி, பார்ஸ்லி, சதகுப்பைக் கீரை, பூண்டுத்தாள் எல்லாம் சம அளவு. வெந்தயக்கீரை ஒரு கொசுறு மட்டும், கூடினால் கசந்துவிடும். கழுவித் துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகப் போன பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். அரைக்கவே கூடாது. முட்டை கீரையைப் பிடித்து வைக்கிற அளவுக்குத்தான். மஞ்சள்தூள், உப்பு, நொறுக்கிய அக்ரூட். புளிப்புக்கு ஸெரெஷ்க் பழம் போடுவீர்கள் இல்லையா, அதை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொள்வாள். சாப்பாட்டோடு விளையாட்டு என்று திட்டிவிடாதீர்கள், கடைசியில் எல்லாவற்றையும் தின்றுவிடுவாள்.

சின்னத் தீ, மேலே மூடி. அடி சிவந்ததும் சட்டியிலேயே நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டாகத் திருப்புங்கள்.

அவளுக்குக் காதில் குளிர்காற்று பட்டால் வலி வரும். பள்ளிக்கூடத்துக்குத் தலைத்துணிக்கு அடியில் பருத்தித் தொப்பி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சொல்கிறேன் பாருங்கள். உங்கள் கைகளுக்கு வலி வராமல் இருக்கட்டும்.

தங்கள்,
ஃபரானக்


இஸ்ஃபஹான்
ஆபான் 19

ஃபரானக் ஜான்,

ஸலாம். கடிதம் கிடைத்தது. ஈரஜிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சொல்லிவிட்டேன். எனக்கு மறைக்க வராது. "கடுதாசிதானே, எழுதட்டும்" என்றார். ஆகவே பயப்படாமல் எழுதுங்கள்.

எனக்குக் குக்கு தெரியாததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாது. எங்கள் வீட்டில் மீன்தான். நீங்கள் எழுதியபடி செய்து, திருப்பினேன். நாலு துண்டு நாற்பதாகிவிட்டது. உங்கள் மகள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இது குக்கு இல்ல."

"பின்ன என்னவாம்?"

"ஆடு மேஞ்ச புல்லு."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றுதான். நான் சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டாள். பிறகு, "அம்மாவோடது உடையாது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சாப்பிட்டாள், தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நீங்கள் சொன்னபடியே பழத்தை வரிசையாக வைத்தாள். நான் ஒன்றைத் திருடப் பார்த்தேன், கையில் ஒரு அடி.

என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னது நான்தான். உங்களுக்குத் தங்கை முறை ஆகிறேனே, தப்பா? தப்பென்றால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

தொப்பி வாங்கியாயிற்று. ஏன் உடைகிறது என்று எழுதுங்கள்.

மனீஜெ


ரஷ்த்
தெய் 4

அன்புள்ள மனீஜெ ஜான்,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்தேன், பிள்ளைகளின் அமிலக் குப்பிகளுக்கு நடுவில். "டீச்சர், கண்ணுல புகை பட்டுடுச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவள் சாப்பிட்டாள் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உங்களோடு சிரித்தாள் என்ற வரிக்கு வந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு மறைக்க வராது என்றீர்களே. சித்தி என்பது தப்பில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

உடைவதற்குக் காரணம் ஈரம். கழுவிய கீரையைக் கையால் பிழிந்திருப்பீர்கள், பிழிந்தால் போதாது, தானாக உலர வேண்டும். இல்லாவிட்டால், பொறுமையில்லாமல் மூடியைத் திறந்திருப்பீர்கள். திறக்காதீர்கள். வாசனை மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்: பச்சை வாசனை போய் அக்ரூட் வாசனை வரும்.

முன்பல் விழுந்துவிட்டதா? ஆடிக்கொண்டிருந்தது. ராத்திரியில் அவள் வலப்பக்கம்தான் படுக்கிறாளா, இப்போதும்? என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாளா? இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. எழுதினாலும் நல்லது.

இங்கே மழை விட்டபாடில்லை. புத்தாண்டு விடுமுறைக்கு எங்கள் பள்ளியையும் மூடிவிடுவார்கள். என் அண்ணன் குடும்பத்தோடு மனைவி ஊருக்குப் போகிறான். நான் வீட்டில் சும்மாதான் இருப்பேன், வேலை ஒன்றும் இருக்காது.

அன்புடன்,
ஃபரானக்


இஸ்ஃபஹான்
பஹ்மன் 27

ஃபரானக் ஜான்,

பல் விழுந்துவிட்டது. இப்போது அவள் பேசினால் பாதி காற்று. வலப்பக்கம்தான் படுக்கிறாள். உங்களைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. ஆனால் கடிதம் வந்தால் உறையை வாங்கி முகர்ந்து பார்க்கிறாள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புத்தாண்டுக்கு முந்தின இரவு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஈரஜிடம் பேசிவிட்டேன், லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "வந்துட்டுப் போனா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்" என்றார். "வராமலே இருந்தா முடிஞ்சிடுமா? அவ அம்மா ஐயா, வந்துட்டுப் போற ஆஸ்பத்திரி நர்ஸ் இல்ல" என்று கத்தினேன். பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். கடைசியில், "சரி, வரட்டும்" என்றார்.

கீரைச் சோறு, மீன், குக்கு. குக்கு உங்கள் மகள் செய்யப்போகிறாளாம், நான் எடுபிடி. தங்க இடம் இருக்கிறது. இது உங்கள் வீடு. வாருங்கள்.

மனீஜெ


ரஷ்த்
எஸ்ஃபந்த் 8

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மனீஜெ ஜான்,

உங்கள் பெரிய மனசுக்கு எந்தக் கையால் நன்றி எழுதுவது? உங்கள் அழைப்பு என் கண்மேல், தலைமேல். படித்ததே வந்து போன மாதிரி ஆயிற்று.

ஆனால் புத்தாண்டு இரவு குடும்பத்துக்கு உரியது. புதுக்குடித்தனம், நீங்கள் மூவரும் சேர்ந்து உட்காரும் முதல் புத்தாண்டு. அதன் நடுவில் நான் வந்து நிற்பது எந்த வகையில் நியாயம்? பண்டிகை வீட்டு வேலையே உங்களுக்கு முதுகு முறியும், அதில் விருந்தாளி வேறு. உங்களுக்குச் சிரமம் தர என் மனசு கேட்கவில்லை. நான் வரவில்லை. தயவுசெய்து தப்பாக நினைக்க வேண்டாம்.

கெலாரெக்குப் புதுச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன், கை நீளம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊர் ஆற்றோரக் கீரை ஒரு கட்டு உலர்த்தி வைத்திருக்கிறேன், குக்குவில் கொஞ்சம் தூவுங்கள், வாசனை அவளுக்குத் தெரியும். அங்கே இந்த நாளில் இளவேனில் கீரை வந்திருக்கும். அதில் தண்ணீர் அதிகம், முதல்நாளே கழுவி வைத்துவிடுங்கள்.

உங்கள் எளிய,
ஃபரானக்


இஸ்ஃபஹான்
ஃபர்வர்தீன் 6

ஃபரானக் கானும்,

புத்தாண்டு வாழ்த்து. சட்டை வந்தது. அளவு சரி.

இதை எழுதவா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் தையல் மெஷினில் இருந்தேன். "சித்தி, நான் படிக்கறேன்" என்று வாங்கினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, ஒரு வரி தாண்டுவதற்குள் சலித்துக் கொடுத்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். எழுத்து எல்லாம் சொல்லிக் கொடுத்து முடித்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரிய வார்த்தைகளையெல்லாம் தாண்டிக் குதித்துப் போனாள். சின்ன வார்த்தையில் விரலை வைத்தாள். "நா-ன் வ-ர-வி-ல்-லை." அதைச் சேர்த்து இன்னொரு முறை படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"அம்மாவுக்கு வேலை இருக்கும்" என்றேன்.

"லீவுதான் சித்தி. டீச்சருக்கு லீவு."

ஈரஜ், "பாத்தியா? நீ சண்ட போட்டுக் கூப்பிட்ட. அவளுக்கே வேண்டாம்" என்றார்.

புத்தாண்டு இரவு குக்கு உடையவில்லை. அவளே உலர்த்தினாள், அவளே முட்டை உடைத்தாள், மூடியைத் திறக்க என்னை விடவில்லை. முழு நிலா மாதிரி வந்தது. நாலாக வெட்டி, "அப்பாவுக்கு, சித்திக்கு, எனக்கு" என்று வைத்தாள். நாலாவது துண்டைத் தனித்தட்டில் வைத்துக் கிண்ணத்தால் மூடினாள். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. காலையில் பார்த்தால் அப்படியே இருந்தது. நான் எடுக்கப் போனேன், "நான் போடறேன்" என்று அவளே கொண்டுபோய்த் தெருப் பூனைக்குப் போட்டாள்.

இன்னொன்று. ஈரஜுக்கு மஸ்கட்டில் வேலை வந்திருந்தது. உங்களை உத்தேசித்துத்தான் இத்தனை நாள் பதில் சொல்லாமல் இருந்தார். இப்போது சரி என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் முடிந்ததும் நாங்கள் மூவரும் போகிறோம். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு அப்பா கையெழுத்து போதுமாம்.

நீங்கள் வந்திருக்கலாம்.

மனீஜெ


ரஷ்த்
ஃபர்வர்தீன் 17

மனீஜெ, என் தங்கையே,

நான் வரவில்லை என்று எழுதியது வரமாட்டேன் என்கிற அர்த்தத்தில் இல்லை.

நீங்கள் திரும்பக் கூப்பிடுவீர்கள் என்றுதான் எழுதினேன். முதல் தடவை கூப்பிட்டதும் சரி என்று ஓடி வருவது எங்கள் வீட்டில் அநாகரிகம். ஒரு கப் தேநீர் நீட்டினால்கூட முதலில் வேண்டாம் என்போம், இரண்டாவது தடவையும் சிரமம் எதற்கு என்போம், மூன்றாவது தடவைதான் கை நீட்டுவோம். நீங்களும் அப்படித்தானே வளர்ந்திருப்பீர்கள்? அதிலும் நீங்கள் இஸ்ஃபஹான். என்னோடு வேலை செய்கிற டீச்சரிடம் உங்கள் அழைப்பைக் காட்டினேன். "இஸ்ஃபஹான்காரங்க 'உள்ள வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்'னு சொல்லும்போதே ஒரு கையால கதவச் சாத்திட்டிருப்பாங்கடி. 'இது உங்க வீடு'ன்னு எழுதிட்டா மூட்டை கட்டிடுவியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மூட்டை ஏற்கனவே கட்டி வைத்திருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அந்த வாரம் முழுதும் தபால்காரரை வாசலிலேயே பிடித்தேன். புத்தாண்டு பிறந்தபோது பெட்டி பக்கத்தில்தான் இருந்தது.

உங்கள்மேல் மனத்தாங்கலாகக்கூட இருந்தது, ஒரே தடவையோடு விட்டுவிட்டாளே என்று.

அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தையை எழுதியிருப்பேனா? நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குத் தன் பெயர்கூட முழுதாக எழுத வராது.

இப்போது உபசாரம் எதுவும் இல்லாமல் கேட்கிறேன். நான் வர வேண்டும். எனக்கு வர ஆசையாக இருக்கிறது. கூப்பிடாமல் வந்தால் ஈரஜ் கதவைத் திறக்க மாட்டார். அவள் உள்ளே நின்று நான் தட்டுவதைக் கேட்பாள், அது மட்டும் நடக்கக் கூடாது. ஆகவே கூப்பிடுங்கள். ஒரு வரி போதும், அன்றைக்கே பஸ் ஏறுவேன்.

ஃபரானக்


இஸ்ஃபஹான்
ஊர்திபெஹெஷ்த் 2

ஃபரானக் ஜான்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்ததைக் கருக விட்டேன்.

நான் இஸ்ஃபஹான்காரி இல்லை. ஆபாதான். போரில் குண்டு விழுந்து வீடு போய், ஒரு லாரியில் ஏறி இங்கே வந்து இறங்கினோம். எங்கள் ஊரில் வா என்றால் வா. வேண்டாம் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே வந்த புதிதில் நானும் ஏமாந்திருக்கிறேன், கடைக்காரர் "காசெல்லாம் எதுக்கும்மா, இருக்கட்டும்" என்றதை நம்பி துணியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன், பையனை ஓடவிட்டுப் பிடித்தார். அப்போதே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். உங்களைத் திரும்பக் கூப்பிட எனக்கு வாய் வலித்திருக்காது. வேண்டாம் என்று எழுதியவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் ஜான், வேறொன்றுமில்லை.

ஈரஜிடம் உங்கள் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். பிறகு, "இனிமே என்னைக் கேக்காத. பிள்ளையக் கேளு. அவ வரட்டும்னு சொன்னா வரட்டும்" என்றார்.

கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அம்மா வரட்டுமான்னு கேக்கறாங்க. வரச் சொல்லவா?" என்றேன். தலை நிமிரவில்லை. "வேண்டாம் சித்தி. அம்மாவுக்குச் சிரமம்" என்றாள்.

ஃபரானக், இது எந்த வேண்டாம்? என் வேண்டாமா, உங்கள் வேண்டாமா? எனக்குப் புரியவில்லை. நீங்கள் பெற்ற பிள்ளை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மனீஜெ


ரஷ்த்
ஊர்திபெஹெஷ்த் 9

மனீஜெ ஜான்,

அது என் வேண்டாம். சிரமம் என்று சொன்னாள் இல்லையா, அது என் வாயிலிருந்து எடுத்த வார்த்தை. விருந்தாளி வந்தால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன், நல்ல பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

திரும்பக் கேளுங்கள். அவள் கைவேலையாக இருக்கும்போது கேளுங்கள், முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டாம். ஈரஜ் பக்கத்தில் இல்லாதபோது. இரண்டாவது தடவையும் மறுப்பாள், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்றாவது தடவை கேளுங்கள். அப்போது சொல்வதுதான் அவள் பதில். அது எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

நீங்கள் கிளம்பும் நாள் எது என்று எழுதவே இல்லையே.

ஃபரானக்


இஸ்ஃபஹான்
கோர்தாத் 11

ஃபரானக் ஜான்,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடுவில் அவளுக்குக் காதுவலி, பிறகு பரீட்சை. இரண்டும் நல்லபடியாக முடிந்தது. டிக்கெட் எதிர்பார்த்ததைவிட முன்னால் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது வீடு பூட்டியிருக்கும். சட்டி பானையெல்லாம் பெட்டியில் கட்டியாயிற்று. குக்குச் சட்டியை மட்டும் கடைசிவரை வெளியே வைத்திருந்தோம்.

இரண்டாவது தடவை, அவள் முட்டை அடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். நீங்கள் சொன்னபடியே "வேண்டாம்" என்றாள். கணக்கில் எடுக்கவில்லை.

நேற்று மூன்றாவது தடவை. ஈரஜ் வெளியே போயிருந்தார். மூடி போட்டுவிட்டு வாசனைக்காக இருவரும் அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "கெலாரெ ஜான்" என்றுதான் ஆரம்பித்தேன். எழுந்து வந்து என் வாயைக் கையால் பொத்திவிட்டாள். கை முழுக்கப் பச்சை.

"சித்தி, கேக்காதீங்க. இன்னொரு தடவ கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் அம்மா வர மாட்டாங்க."

நான் கேட்கவில்லை.

மனீஜெ